வேட்பாளரின் அறிவியல் கொள்கையை எந்தப் பக்கத்தில் தேடுவது?

கேள்வி இதுதான்: "எங்கள் தொகுதியில் நிற்பவர்கள் சாலை, உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் எல்லாம் பேசுகிறார்கள். அறிவியல், சுகாதாரம், தொழில்நுட்பம் பற்றி அவர்களுடைய நிலைப்பாடு என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது? தமிழ்நாட்டில் யாராவது இதையெல்லாம் பேசுகிறார்களா?"

நிறையவே பேசுகிறார்கள். 'அறிவியல்' என்று தலைப்புப் போட்டுப் பேசுவதில்லை, அவ்வளவுதான். நீட், கூடங்குளம், மீத்தேன், நியூட்ரினோ, மடிக்கணினி, காப்பீட்டு அட்டை, மதுரை எய்ம்ஸ் ஆகியவற்றை எடுத்துவிட்டால் கடந்த இருபது ஆண்டுத் தமிழக மேடைப் பேச்சில் பாதி காலி. தேர்தல் அறிக்கையில் 'அறிவியல் தொழில்நுட்பம்' என்று ஓர் அத்தியாயம் இருந்தால் அது பெரும்பாலும் ஒப்புக்கு எழுதியதாக இருக்கும். உண்மையான நிலைப்பாடு வேளாண்மை, மீன்வளம், பள்ளிக்கல்வி, மின்சாரம், குடிநீர் என்று வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கும்.

வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் இதைத் தேடிப் பயனில்லை. படிவம் 26 என்கிற அந்தத் தாளில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் உண்டு. கொள்கை பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. வேட்பாளரிடம் நேரில் கேட்டு அவர் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, அவையில் வாக்கெடுப்பு என்றால் கொறடா சொன்னபடிதான் கை தூக்க வேண்டும், மீறினால் பதவியே போகலாம். உங்கள் வேட்பாளர் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவராகவே இருக்கட்டும், நியூட்ரினோ ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பது அவருடைய கட்சித் தலைமைதான்.

அமெரிக்காவில் 'சயின்ஸ் டிபேட்' என்ற அமைப்பு 2008 அதிபர் தேர்தலையொட்டி இதற்காகவே கிளம்பியது. அதிபர் வேட்பாளர்கள் அறிவியலுக்கென்று ஒரு தொலைக்காட்சி விவாதம் நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். விவாதம் நடக்கவில்லை. ஒபாமாவும் மெக்கெய்னும் 14 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தந்தார்கள். 2016-ல் ஹிலாரி கிளின்டன், டிரம்ப் உள்ளிட்ட நான்கு பேர் 20 கேள்விகளுக்குப் பதில் அனுப்பினார்கள். நல்ல முயற்சிதான், ஆனால் இப்படி வரும் பதில்கள் பிரச்சார அலுவலகத்தில் உட்கார்ந்து பொறுமையாகத் தயாரிக்கப்படுபவை. நம் ஊரிலும் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அனுப்பலாம். வரும் பதில் தேர்தல் அறிக்கையின் நகலாகத்தான் இருக்கும்.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒரு வாக்குறுதியைக் கேட்டதும் நான் முதலில் பார்ப்பது, அதைச் செய்யும் அதிகாரம் இவர் கையில் இருக்கிறதா என்பதைத்தான். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அணுசக்தி, தொலைத்தொடர்பு, எண்ணெய் வயல் எல்லாம் மத்தியப் பட்டியல். கல்வி 1976-ல் 42-வது திருத்தத்தின்போது மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போனது. பொதுப்பட்டியலில் மாநிலமும் சட்டம் போடலாம், மத்தியச் சட்டத்தோடு மோதினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். நீட் சண்டை முழுவதும் இந்த ஒரு வரிக்குள்தான் நடக்கிறது.

2021 தேர்தலில் திமுக, முதல் சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே நீட்டை நீக்கச் சட்டம் கொண்டுவருவோம் என்றது. அதிமுகவும் விலக்கு வேண்டும் என்ற பக்கம்தான் நின்றது. வாக்காளருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இரண்டு கட்சிகளாலும் தனியாகச் செய்து முடிக்க முடியாத காரியம் அது. 2017-ல் அதிமுக ஆட்சியில் நிறைவேறிய மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021 செப்டம்பரில் திமுக ஆட்சியில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. 2025 ஏப்ரலில், குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் அவையில் அறிவித்தார்.

இதற்கு நடுவே, அதிக ஆரவாரம் இல்லாமல் வேறொன்று நடந்தது. 2020-ல் எடப்பாடி பழனிசாமி அரசு, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. ஆளுநர் கையெழுத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் குடியரசுத் தலைவர் வரை போகவேண்டியிருக்கவில்லை. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட எம்பிபிஎஸ் இடங்கள் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. சென்னை உயர் நீதிமன்றமும் 2022-ல் அதைச் சரியென்றது. அடுத்து வந்த ஆட்சியும் தொடர்ந்தது. நீட்டை எதிர்ப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. நுழைவுத் தேர்வையே 2006-ல் சட்டம் போட்டு ஒழித்த மாநிலம் இது, அந்த எதிர்ப்புக்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் ஒரு வேட்பாளர் "ஒழிப்போம்" என்றால் எந்த வழியில் என்று கேட்பது நியாயமான கேள்வி. "வலியுறுத்துவோம்" என்றும் "சட்டம் இயற்றுவோம்" என்றும் "செய்வோம்" என்றும் தேர்தல் அறிக்கைகளில் மாறி மாறி வரும். மூன்றுக்கும் உள்ள தூரத்தைக் கவனித்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

அதிகாரப் பட்டியலை மட்டும் வைத்து எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது என்பதற்குக் கூடங்குளம் சாட்சி. அணுசக்தி முழுக்க மத்திய அரசின் விஷயம். ஆனால் நிலமும் காவல்துறையும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. மாநிலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே அணு உலை நின்றுவிடும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து. அந்த ஆண்டே இடிந்தகரையில் போராட்டம் வலுத்தது. செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா அமைச்சரவை, மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்திவைக்கும்படி மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல். அப்புறம் மாநில அரசே ஒரு நிபுணர் குழுவை அமைத்தது, ஆபத்தில்லை என்று அறிக்கையும் வந்தது. 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு. மறுநாள், மார்ச் 19, அமைச்சரவை கூடி அணு உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது, சுற்றுவட்டார வளர்ச்சிக்கு 500 கோடி ரூபாயும் அறிவித்தது. நிபுணர் அறிக்கை அதற்கு முன்பே வந்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம். அறிவியல் மாறவில்லை, வாக்குப்பதிவு முடிந்திருந்தது.

இது ஒரு கட்சியின் குணம் என்று நினைக்காதீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குழந்தைகளின் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை படியும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். காவிரி நீரைக் குழாயில் கொண்டுவருவதுதான் தீர்வு என்று 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியதும் ஏப்ரலில், அங்கே தேர்தல் முடியட்டும் என்று அவரே திட்டத்தைத் தள்ளிவைத்தார். அடுத்த மாநிலத்துத் தேர்தலுக்காக இந்த மாநிலத்து மருத்துவத் தேவை காத்திருந்தது! பிறகு வேலை நடந்து, 2013-ல் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். இந்தத் திட்டத்தை எந்தக் கட்சியும் 'அறிவியல் கொள்கை' என்று அழைத்ததில்லை. ஆனால் நீர்ப் பரிசோதனையும் நோயியலும் பொறியியலும் ஒரே இடத்தில் கூடிய கொள்கை முடிவு அது. நிலைப்பாடு மாறிய தேதியை நாட்காட்டியில் தேர்தல் தேதிக்குப் பக்கத்தில் குறித்துவைத்துப் பார்ப்பது இதனால்தான் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நியூட்ரினோ விவகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு கட்சி எதை எதிர்க்கிறது என்பதைவிட என்ன காரணம் சொல்லி எதிர்க்கிறது என்பது அங்கேதான் நன்றாகத் தெரிந்தது. நியூட்ரினோ என்ற, எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் நுண்துகளை ஆராயும் இந்த ஆய்வகத்தை முதலில் நீலகிரியில் சிங்காராவில் அமைக்க நினைத்தார்கள். யானை வழித்தடம் என்பதால் 2009-ல் அனுமதி மறுக்கப்பட்டது. பிறகு தேனி மாவட்டம் பொட்டிப்புரம், அம்பரப்பர் மலை. மாநில அரசு நிலம் ஒதுக்கியது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், அதன் முடிவில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பாலான உணர்கருவி. மலை எதற்கு என்றால், விண்ணிலிருந்து வரும் மற்றத் துகள்களைப் பாறை வடிகட்டிவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். இந்தியாவுக்கு இது புதிதில்லை. 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்த முன்னோடிக் குழுவில் நம் விஞ்ஞானிகள் இருந்தார்கள்.

எதிர்ப்பு மேடைகளில் வந்த வாதங்கள் இரண்டு ரகம். கதிர்வீச்சு பரவும், நியூட்ரினோ உடலைத் துளைத்து நோய் வரும் என்பது ஒரு ரகம். இதில் பொருளே இல்லை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் நம் எல்லோரையும் இப்போதும் துளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆய்வகம் அதைப் பிடித்துப் பார்க்குமே தவிர, உண்டாக்காது. இன்னொரு ரகம், வெடிவைத்துச் சுரங்கம் தோண்டினால் மலைக்கும் நீருக்கும் என்ன ஆகும், மேற்குத்தொடர்ச்சி மலையில் வனவிலங்குகள் என்ன ஆகும் என்பது. இது நியாயமான கேள்வி, பதில் சொல்லியே ஆக வேண்டியது. பொட்டிப்புரத்துக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. அங்கிருந்து பெரியாறுவரை புலிகள் நடமாடும் வழித்தடம்.

வைகோ 2015-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்த் தடை வாங்கினார். 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, 2018-ல் மத்திய அரசு மீண்டும் அனுமதி தந்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், திட்டத்தை அனுமதிக்க முடியாது என்பதற்கு முன்வைத்த காரணம் புலி வழித்தடம். மேடையில் ஒலித்த கதிர்வீச்சுப் பயம் அந்த வாதத்துக்குத் தேவைப்படவே இல்லை. எனக்கு இதில் வருத்தம்தான். கட்சிகள் முதல் நாளிலிருந்தே புலியையும் பாறையையும் பற்றிப் பேசியிருந்தால், விஞ்ஞானிகளும் அதற்குப் பதில் சொல்லியிருப்பார்கள், வேறு மலை பார்த்திருக்கவும் கூடும். ஊர்க்காரர்களை வீண் பயத்தில் வைத்ததுதான் மிச்சம். விஞ்ஞானிகள் தரப்பும் பொட்டிப்புரத்து மக்களிடம் தாமதமாகத்தான் பேச வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சுகாதாரத்துக்கு வந்தால், தமிழ்நாட்டில் கட்சிகள் போட்டி போட்டுச் செய்திருக்கின்றன என்பது உண்மை. இரண்டு விஷயங்களை மட்டும் அருகருகே வைக்கிறேன். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் அது நிறுத்தப்பட்டு, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் புதிய விதிகளோடு வந்தது. அட்டையில் படம் இருக்கும், பெயர் இருக்கும், அதனால் ஆட்சி மாறினால் அட்டையும் மாறும்.

இன்னொன்று தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து அனுப்பும் அமைப்பு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று வங்கிக் கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ்புக். மருந்து எடுக்க எடுக்க அதில் கழிப்பார்கள். வந்த மருந்தின் மாதிரியை, தயாரித்த கம்பெனி எது என்று தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், தேறினால்தான் அந்தச் சரக்கு மருத்துவமனைக்குப் போகும். அரசு மருத்துவமனையில் குறைந்த கட்டணத்தில் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க முடிவதும் இந்தக் கழகத்தால்தான். திமுக, அதிமுக இரண்டும் மாறி மாறி ஆண்டும் இதை யாரும் கலைக்கவில்லை. கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் இதைப் பார்த்துத் தங்களுக்கும் அமைத்துக்கொண்டன. இதற்காக ஒரு கட்சி வாக்குக் கேட்டு நான் பார்த்ததில்லை, நாடா வெட்ட அதில் ஒன்றும் கிடையாதே.

எய்ம்ஸ் நேர் எதிர். 2015 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு, 2018-ல் தோப்பூர் இடம் தேர்வு, 2019 ஜனவரியில் பிரதமர் மோடி அடிக்கல். 2021 பிரச்சாரத்தில் உதயநிதி ஸ்டாலின் ஒரே ஒரு செங்கல்லைத் தூக்கிக் காட்டிக் கைத்தட்டல் வாங்கினார். அந்தக் கேலி நியாயமானதுதான். ஆனால் கட்டடம் வந்தால் பேராசிரியர்கள் வருவார்களா, தென்மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் காலியாக இருக்கும் சிறப்பு மருத்துவர் இடங்கள் என்ன ஆயின என்ற பேச்சு அந்தச் செங்கல்லுக்கு இரு பக்கத்திலும் எழவில்லை.

தொழில்நுட்பம் என்றால் நம் மேடைகளில் பொருள்தான். 2011-ல் அதிமுக மடிக்கணினி தருவோம் என்றது, அந்த செப்டம்பரிலேயே கொடுக்கவும் தொடங்கியது. 2021-ல் மக்கள் நீதி மய்யம் வீட்டுக்கு ஒரு கணினி என்றது. மடிக்கணினியை இலவசம் என்று ஒதுக்கித் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிராமத்துப் பெண் பிள்ளைகளின் கைக்கு முதல் கணினி அப்படித்தான் வந்தது. கேட்க வேண்டியது வேறு: பழுதானால் யார் பார்ப்பார்கள், பாடத்தில் அதற்கு என்ன வேலை, எந்த மென்பொருள். முதலில் வந்த கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் இருந்தது, பின்னால் அதை விட்டுவிட்டார்கள். பொதுப்பணத்தில் லட்சக்கணக்கில் வாங்கும் கணினியில் எந்த இயங்குதளம் என்பது பெரிய கொள்கை முடிவு, எந்தக் கூட்டத்திலும் அது பேச்சுக்கே வரவில்லை. அதேபோல, 2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு செயற்கை நுண்ணறிவுக்கும் பிளாக்செயினுக்கும் இணையப் பாதுகாப்புக்கும் கொள்கைகள் வெளியிட்டது. அடுத்த ஆறே மாதத்தில் வந்த தேர்தலில் ஆளுங்கட்சியும் அதைச் சொல்லி வாக்குக் கேட்டதாக நினைவில்லை, எதிர்க்கட்சியும் குறை சொன்னதாக நினைவில்லை.

காசு பற்றி ஒன்று. மடிக்கணினி, மிக்சி, வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதிகளை எதிர்த்துத் தமிழ்நாட்டிலிருந்து போன சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், இவை தேர்தல் முறைகேடு ஆகாது என்றது, ஆனால் தேர்தல் அறிக்கைகளுக்கு விதிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. 2014-ல் வந்த விதிமுறைப்படி, வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் கட்சிகள் பொதுவாகவாவது குறிப்பிட வேண்டும். உங்கள் கையில் இருக்கும் அறிக்கையை இந்தக் கண்ணோடு புரட்டிப் பாருங்கள், அந்தப் பக்கம் மெலிந்துதான் இருக்கும்.

எல்லாக் கட்சியும் ஒத்துப்போகும் இடத்தையும் கவனிக்க வேண்டும். டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீர், கொரோனாவில் கபசுரக் குடிநீர் என்று கட்சி வேறுபாடு இல்லாமல் விநியோகித்தார்கள். சித்த மருத்துவத்தின் மேல் மரியாதை இருப்பவன்தான் நானும். அதனாலேயே, இத்தனை லட்சம் பேருக்குக் கொடுத்த மருந்தை முறையாகச் சோதித்து முடிவை வெளியிடுவோம் என்று ஒரு கட்சியாவது அறிக்கையில் எழுதாதா என்று பார்க்கிறேன். சித்த மருத்துவத்துக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது நல்லது, அந்தப் பல்கலைக்கழகம் முதலில் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்.

கடைசியாக, நடைமுறைக்கு. ஏற்கெனவே பதவியில் இருந்தவர் மீண்டும் நிற்கிறார் என்றால் வேலை சுலபம். நாடாளுமன்ற உறுப்பினர் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு அமைச்சர் தந்த பதில்களும் மக்களவை இணையதளத்தில் இருக்கின்றன. மாநிலத்தில், மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைவாரியாகப் பணம் ஒதுக்கச் சட்டமன்றம் விவாதிக்கும்போது, ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒன்றை வெளியிடும், தமிழிலேயே கிடைக்கும். மக்கள் நல்வாழ்வுத் துறையின் குறிப்பை எடுத்து, போன தேர்தல் அறிக்கையின் சுகாதாரப் பகுதியோடு வைத்துப் படித்தால் எது நடந்தது, எது பெயர் மாறியது, எது காணாமல் போனது என்று தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

புதுமுகம் என்றால், வாக்குக் கேட்டு வரும்போது பெரிய கேள்வி வேண்டாம். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் மருத்துவர் இருக்கிறாரா, நாய்க்கடி ஊசியும் பாம்புக்கடி மருந்தும் இருப்பில் இருக்கின்றனவா, ஊர்க் குடிநீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், அந்த முடிவு எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் தப்பில்லை, "விசாரித்துச் சொல்கிறேன்" என்று கூட வந்தவரிடம் குறித்துக்கொள்ளச் சொல்கிறாரா, இல்லை கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்கிறாரா என்று பாருங்கள். குறித்துக்கொண்டு போனவர் ஒரு வாரத்தில் பதிலோடு ஆள் அனுப்பினால், அவருடைய கட்சி அறிக்கையையும் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள்.